மெம்பர் வெளியே நிற்கிறார்

குடைக்கடைக்காரர் பள்ளிக் குழுவின் உறுப்பினரானது தேர்தலில் நின்று அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து.

அன்று அவர் போனது வேறு வேலையாக. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் தினமும் தலை நனைந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். குடைக்கடைக்காரர் மகள் நனைந்து வருவது கடைக்கே கெட்ட பெயர். "குடையை எங்கடி தொலைச்ச?" என்று அவர் மனைவி பிடித்துக்கொண்டபோது, "குடை இருக்கும்மா. வழியில நனையல. கிளாஸ்லதான் நனைஞ்சேன்" என்றாள் மகள். வகுப்பின் தகரக் கூரையில் ஓர் ஆணி கழன்று ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே அவள் பெஞ்சு.

சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. அதற்கு ஒரு போல்ட்டும், ரப்பர் வாஷரும், நட்டும் போதும். மூன்றும் கடை டிராயரிலேயே கிடந்தன. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நானே ஏறி அடைச்சிடட்டுங்களா?" என்று கேட்கத்தான் அவர் பள்ளிக்கூடம் போனார். கேட்காமலே ஏறியிருக்கலாம். மரியாதை தெரிந்த மனிதர். அதுதான் வினை.

குழு அறையில் பச்சைத் துணி விரித்த நீள மேசை. அதைச் சுற்றி ஏழு நாற்காலிகள். நான்கில் ஆட்கள். இரண்டில் ஆட்களின் புகைப்படங்கள்; அவர்கள் காலமாகிவிட்டார்கள், ஆனால் ராஜினாமா செய்யவில்லை என்பதால் நாற்காலி அவர்களுடையதாகவே இருந்தது. ஏழாவது நாற்காலி காலி. அதில் மெத்தை போட்டிருந்தது. நால்வரும் அந்த நாற்காலியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி, ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விதிப்படி ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம்.

"ஐயா, ஒரு புகார்…" என்றார் குடைக்கடைக்காரர் வாசலில் நின்று.

தலைவரின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியைக் குடைக்கடைக்காரர் தம் கல்யாணத்தில் மாமனார் முகத்தில்கூடப் பார்த்ததில்லை.

"வாங்க வாங்க! உட்காருங்க!"

"இல்லீங்க, நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன்."

"நின்னுக்கிட்டு சொன்னா அது புகார். உட்கார்ந்து சொன்னா அது கருத்து. புகாரைக் கேக்க இங்க யாருக்கும் நேரமில்லை. கருத்துன்னா நாள்பூரா கேப்போம்."

உட்கார்ந்தார். மெத்தை சுகமாக இருந்தது. செயலாளர் விரலால் எண்ணி, "ஐந்து!" என்று கூவினார். தலைவர் மேசை மணியைத் தட்டினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே, "வழிமொழிகிறேன்" என்றார். மருந்துக்கடை முதலாளி தூங்கத் தொடங்கினார். குடைக்கடைக்காரர் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவரை உறுப்பினராக முன்மொழிந்து, வழிமொழிந்து, வரவேற்று, அவருடைய புகைப்படம் ஒன்று வேண்டும் என்றும் கேட்டுவிட்டார்கள்.

"போட்டோ எதுக்குங்க?"

"பின்னால உதவும்" என்றார் செயலாளர், காலமானவர்களின் நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

அவருடைய ஓட்டை அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஏழாவது பொருளாகச் சேர்ந்தது. முதல் ஆறு பொருள்களும் போன கூட்டத்துக்கு நன்றி சொல்வதிலும், அந்த நன்றியை ஏற்பதிலும், ஏற்றதற்குப் பாராட்டுவதிலும் முடிந்தன. ஏழாவது வந்ததும் குடைக்கடைக்காரர் பையிலிருந்த போல்ட்டைத் தொட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். தலைவர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் மெம்பர். நனையறது உங்க குழந்தை. அந்தக் கூரை உங்க குழந்தை தலைக்கு மேல இருக்கு. அப்ப உங்களுக்கு இதுல சொந்த சம்பந்தம் இருக்கு. சொந்த சம்பந்தம் இருக்கிற உறுப்பினர், அந்தப் பொருளைப் பேசும்போது அறையில இருக்கக்கூடாது. விதி. இருந்தா அந்த நொடியே பதவி போயிடும்."

"எந்தப் பதவிங்க?"

"இப்பத்தானே குடுத்தோம்!" என்றார் தலைவர் மனம் புண்பட்டு.

"அப்ப நானே ஏறி அந்த போல்ட்டை…"

"உறுப்பினர் பள்ளிக்கு வேலை செய்யறதா? ஊர் என்ன பேசும்? சலுகைன்னு பேசும், ஊழல்னு பேசும். போங்க மெம்பர், வராந்தாவுல நில்லுங்க."

மெம்பர் வெளியே நின்றார். இனி அவரை நாமும் மெம்பர் என்றே சொல்வோம். ஊரும் அன்றிலிருந்து அப்படித்தான் சொன்னது. கதவு சாத்தப்பட்டது.  பிறகு உள்ளே மேசையை ஓங்கித் தட்டும் சத்தம். "விடமாட்டேன்!" என்று ஒரு குரல். "இதுக்கு மேல ஒரு படி இறங்க மாட்டேன்!" என்று இன்னொரு குரல். தூங்கிக்கொண்டிருந்த மருந்துக்கடை முதலாளியின் குரல்கூட, "போடுங்கய்யா, தைரியமாப் போடுங்க!" என்று வீறிட்டது. மெம்பருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குழந்தையின் ஈரத் தலைக்காக இப்படிச் சண்டை போடுகிறார்களே, இவர்களையா சந்தேகப்பட்டோம்!

மணி அடித்தது. உள்ளே போனார். நால்வரும் வியர்த்திருந்தார்கள்.

"காரசாரமாப் போச்சு மெம்பர்" என்றார் தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவச்சிருக்கு."

வீட்டுக்கு வந்தவரை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"போன காரியம் என்னாச்சு?"

"நான் மெம்பர் ஆயிட்டேன்."

"ஓட்டை?"

"அது ஏழாம் பொருள் ஆயிடுச்சு."

"அடைச்சாங்களா, இல்லையா?"

"விவாதிச்சாங்க."

மனைவி அவர் சட்டைப் பையில் கைவிட்டு போல்ட்டை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிராயரில் போட்டாள். அதற்குப் பிறகு அவரை வீட்டிலும் மெம்பர் என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் ஊர் கூப்பிடும் தொனியில் அல்ல.

அடுத்த ஆண்டு மகள் நான்காம் வகுப்புக்குப் போனாள். அப்பாடா, சொந்த சம்பந்தம் தீர்ந்தது என்று மெம்பர் துள்ளிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். ஏழாம் பொருள் வந்தது. தலைவர் வாசலைக் காட்டினார்.

"இப்ப அங்க என் பொண்ணு இல்லீங்களே!"

"ஆனா நீங்க குடை விக்கறீங்க" என்றார் தலைவர். "ஓட்டையை அடைச்சா குடை வியாபாரம் குறையும். அடைக்காட்டி வியாபாரம் ஏறும். எந்தப் பக்கம் போனாலும் உங்களுக்குச் சம்பந்தம் இருக்கு. சொல்லப்போனா மெம்பர், மழைங்கற விஷயத்துலயே உங்களுக்குச் சம்பந்தம் இருக்கு."

"வழிமொழிகிறேன்" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

 யோசித்தால் நியாயமாகக்கூடத் தோன்றியது. வெளியே போனார்.

ஆண்டுகள் ஓடின. குழு சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நேரடியாகப் போய்ப் பார்த்துவர ஒரு துணைக்குழு அமைத்தார்கள். மழைக்காலத்தில் பாதை சேறாக இருந்ததால், உறுப்பினர்களின் செருப்பைக் கருதி, ஆய்வைக் கோடைக்குத் தள்ளிவைத்தார்கள். நல்ல உச்சி வெயிலில் போய், விசிறிக்கொண்டே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒழுகல் எதுவும் காணப்படவில்லை, மாறாக, துளை வழியாக இயற்கை ஒளி வருவது மகிழ்ச்சி அளிக்கிறது" என்று அறிக்கை கொடுத்தார்கள். மேலே ஏறிப் பார்ப்பதற்கென்று ஓர் ஏணியும் வாங்கினார்கள். ஏணி கீழே விழாமல் இருக்க அதை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

பிறகு அந்தச் சொல்லின் மேல் அவர்களுக்கு மனத்தாங்கல் வந்தது. "ஒழுகல்னு சொல்றது பள்ளிக்கே இழுக்கு" என்றார் செயலாளர். அன்றிலிருந்து "மேல்வரவு நீர்" என்று மாற்றினார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையிடம், "டீச்சர், மேல்வரவு நீர் என் நோட்டுல விழுது" என்று சொல்லப் பழகினார்கள். ஒழுகுது என்று சொல்லிவிட்ட ஒரு பையன் பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. ஏறி நின்றதில் ஓட்டைக்கு இன்னும் பக்கமாகிப் போனான்.

ஒருமுறை குழுவின் ஏகோபித்த முடிவால் ஒரு வாளி வந்தது. வாளிக்கு நாடா கட்டி, நாடாவைத் தலைவர் வெட்டி, வாளியை ஓட்டைக்குக் கீழே வைத்து, கைதட்டினார்கள். அன்று அவர் பேசிய பேச்சை இன்றும் ஊரில் சிலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்:

"ஓட்டை இல்லாத பள்ளிகளை நான் பார்த்திருக்கேன். அங்க பிள்ளைங்க குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருக்கும். நம்ம மூணாம் வகுப்பு அப்படியா? எப்பவும் அண்ணாந்து பார்க்கிற பிள்ளைங்க! எதிர்பார்ப்பு உள்ள பிள்ளைங்க! மழை வருமா, வராதான்னு சிந்திக்கிற பிள்ளைங்க! இந்தச் சிந்தனையை அடைச்சிடச் சொல்றாங்க சிலர். நான் இருக்கிறவரைக்கும் அடைக்க விடமாட்டேன்!"

பலத்த கைதட்டல். பழக்க தோஷத்தில் மெம்பரும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் தாம் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார். அந்த வாளியே பிறகு ஒழுகியது. வாளிக்கு ஒரு துணைக்குழு வந்தது. அதைச் சொல்லப் போனால் கதை வேறு பக்கம் போய்விடும்.

ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது. மெம்பருக்கும் அந்த மெத்தை பழகிவிட்டது. தெருவில் நடந்தால் "வணக்கம் மெம்பர்" என்கிறார்கள். முடிவெட்டும் கடையில் வரிசை இல்லை. கடைப் பலகையை மாற்றி எழுதினார். அதில் "பள்ளிக் குழு உறுப்பினர்" என்பது குடையை விடப் பெரிதாக இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று கடைக்குள் நுழைந்து, பேசிப் பேசி, கடைசியில் ஒரு மடக்குக் குடையோடு போனார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏழாம் பொருளுக்கு எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, வராந்தாவுக்கு நடக்கும் அந்த நடையில் ஒரு கம்பீரம்கூட வந்துவிட்டது. "அந்த மனுஷன் நேர்மையைப் பாருங்க, சொல்றதுக்கு முன்னாடியே வெளியே போயிடறாரு" என்று தலைவர் புதுத் தலைமையாசிரியைகளுக்கு அவரைக் காட்டுவார்.

அதற்குள் மகள் படித்து, கல்யாணமாகி, பக்கத்துத் தெருவிலேயே குடியிருந்து, அவளுக்கு ஒரு பெண் பிறந்து, அந்தப் பெண்ணும் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மழை தொடங்கிய வாரம். பேத்தி கடைக்குள் வந்து நின்றாள். தலையிலிருந்து சொட்டியது. அவள் கையில் ஓவிய நோட்டு. அதில் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு மாடு. மூன்றும் கலந்து, மாடு மரத்தின் மேல் ஏறி வீட்டுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

"தாத்தா, எனக்கு ஓட்டை பெஞ்சு."

"உனக்கு ஏம்மா?"

"மெம்பர் பேத்தி, குடை வச்சிருப்பான்னு டீச்சர் சொன்னாங்க. ஒரு கையில குடை புடிச்சா ஒரு கையில எப்படி தாத்தா வரையறது? நோட்டு நகருது." மூக்கை உறிஞ்சினாள். "நீங்கதானே மெம்பர்? நீங்க சொன்னா நிறுத்திடுவாங்கல்ல?"

"நிறுத்திடறேன்."

"பிராமிஸ்?"

"பிராமிஸ்."

பின்னாலேயே வந்த மகள் துண்டால் பிள்ளையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். கொஞ்சம் வேகமாகவே துவட்டினாள்.

"அவகிட்ட பிராமிஸ் பண்ணாதீங்கப்பா."

"ஏம்மா?"

"எங்கிட்டயும் பண்ணீங்க. இதே கடையில, இதே இடத்துல. நானும் இதே மாதிரி மூக்கு உறிஞ்சிக்கிட்டு நின்னேன்." துண்டை உதறினாள். "இத்தனை வருஷமா அங்க போயி என்னதான்ப்பா பண்றீங்க?"

மெம்பர் பதில் சொல்ல வாயெடுத்தார். வெளியே நிற்கிறேன் என்று சொல்ல நா எழவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில் செயலாளர் ஒரு மகிழ்ச்சியான செய்தி சொன்னார். ஏழாம் பொருள் வெள்ளி விழாவை எட்டிவிட்டது. இவ்வளவு காலம் தொடர்ந்து நிலுவையில் இருக்கும் பொருள் சுற்று வட்டாரத்தில் எந்தக் குழுவிலும் கிடையாது; அதைப் பார்க்கப் பிற குழுக்காரர்கள் வந்துபோகிறார்கள். அத்தனை ஆண்டு சேவையை முடித்த மெம்பருக்கும் அதே மேடையில் பதக்கம். மெம்பர் காதில் எதுவும் விழவில்லை. "இன்னிக்காவது பேசி முடிச்சிடுங்கய்யா, என் பேத்திக்கு இருமல் வந்துடுச்சு" என்றார்.

"உயிரைக் குடுத்துப் பேசறோம். நீங்க போங்க" என்றார் தலைவர்.

வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வழக்கமான சண்டை தொடங்கியது. அன்று பார்த்து மழை திசை மாறி வராந்தாவுக்குள் அடித்தது. ஊருக்கே குடை விற்பவர் தம் குடையை உள்ளே நாற்காலியில் மாட்டிவிட்டு வந்திருந்தார். இத்தனை ஆண்டில் முதல்முறையாக மெம்பர், ஏழாம் பொருள் நடக்கும்போது, கதவை மெல்லத் திறந்தார்.

மேசையின் பச்சைத் துணி மேல் சீட்டுக்கட்டு விரித்திருந்தது. மருந்துக்கடை முதலாளி கண்கள் பளபளக்க ஒரு சீட்டை ஓங்கி அறைந்து, "விடமாட்டேன்!" என்றார். பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட்.

யாரும் பதறவில்லை. தலைவர் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்ன மெம்பர் இது, ஏழாம் பொருள் நடந்துக்கிட்டிருக்கும்போது உள்ள வரலாமா?" என்றார் கண்டிப்பாக.

"எங்கய்யா நடக்குது?"

"நீங்க வெளியே போனதும் அஞ்சு பேரு நாலு பேராயிடறோம். நாலு பேரை வச்சுக் கூட்டம் நடத்தினா சட்டவிரோதம். நாங்க அதைச் செய்ய மாட்டோம்."

"இத்தனை வருஷமாவா?"

"ஒரு தடவைகூட மீறினதில்லை" என்றார் தலைவர். அவர் குரலில் பெருமை ததும்பியது. "கூட்டத்துக்குத்தான் ஆள் குறையுது. சீட்டாட்டத்துக்கு நாலு பேருதான் சரியா இருக்கு."

"அப்ப உடனே கூப்பிட்டு முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்றது? நீங்க அங்க நம்பிக்கையோட நிக்கறீங்க. போன உடனே கூப்பிட்டா, நம்ம பொருளை விவாதிக்கவே இல்லையேன்னு மனசு கஷ்டப்படுவீங்க. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் ஆடறோம். எனக்கு இடுப்பே போயிடுச்சு."

மெம்பர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "அப்ப நான் ராஜினாமா பண்ணிடறேன்."

"தாராளமா" என்றார் செயலாளர். "அடுத்த கூட்டத்துல வச்சுடலாம். ஆனா ராஜினாமா உங்க சொந்த விஷயம். அதைப் பேசும்போது நீங்க வெளியே நிக்கணும்."

"நான் வெளியே நின்னா…"

"நாலு பேரு."

"ஆட்டம்!" என்றார் மருந்துக்கடை முதலாளி ஆசையாக.

"வழிமொழிகிறேன்" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பிஸ்கட்டை எடுத்தபடி.

மெம்பர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குடையை விரிக்காமலே வந்திருக்கிறார் என்பது வாசலில்தான் தெரிந்தது. நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, அப்புறம் சட்டென்று நிறுத்தினாள். டிராயரைத் திறந்து, துருப்பிடித்துக் கிடந்த போல்ட்டையும் வாஷரையும் நட்டையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை என்ன பண்ணப் போறீங்க? எட்டாம் பொருளா வச்சிடலாமா?"

"நீ வேற ஏன்டி…"

"வேற எதுக்குமே அந்த நாற்காலிய விட்டு அசைய மாட்டீங்க. கால் மரத்துப்போனாக்கூட எந்திரிக்க மாட்டீங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும் என்னமோ மணியடிச்ச மாதிரி எந்திரிச்சிடுவீங்க."

மெம்பர் மூன்றையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

வெள்ளி விழாவை நிகழ்விடத்திலேயே, அதாவது மூன்றாம் வகுப்பிலேயே வைத்தார்கள். கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெரிய ஏழு. ஓட்டைக்குக் கீழே புது வாளி, கழுத்தில் நாடாவோடு. பச்சைத் துணி மேசையும் ஏழு நாற்காலிகளும் புகைப்படங்களோடு அப்படியே வந்து இறங்கியிருந்தன. விழா என்றாலும் அது விதிப்படி கூட்டம். பெற்றோர்கள் சுவரோரம்; அவர்களோடு மெம்பரின் மனைவியும் மகளும். பிள்ளைகள் பெஞ்சுகளில். ஓட்டை பெஞ்சில் பேத்தி ஒரு கையில் குடையோடு. வெளியே தூறல். டப். டப். டப்.

தலைவர் பேசினார்: "பொருள்கள் வரும், போகும். நேத்து வந்த பொருள் இன்னிக்குத் தீர்ந்துபோகும். அதுக்கு என்ன மதிப்பு? தீர்ந்துபோன எந்தப் பொருளையாவது யாராவது ஞாபகம் வச்சிருக்கீங்களா? நம்ம ஏழாம் பொருளைத் தீர்த்திருந்தா இன்னிக்கு நாம யாரும் இங்க இருக்கமாட்டோம். இந்த மேசை இல்லை, இந்த வாளி இல்லை, இந்த மெம்பர் இல்லை!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மகள் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேத்தி ஒரு கையால் தொடையைத் தட்டினாள். இன்னொரு கையில் குடை. தட்டியதும் இருமினாள்.

செயலாளர் பதக்கத்தை எடுத்துவந்தார். நல்ல கனம். அதை மெம்பரின் சட்டைப் பைக்கு மேலே குத்துவதாக ஏற்பாடு. "அதுக்கு முன்னாடி, மரபுப்படி ஏழாம் பொருளை ஒத்திவச்சிடலாம்" என்றார் தலைவர். "மெம்பர் வெளியே போவாரு. பிள்ளைங்களா, நல்லாப் பாருங்க, ஒரு நேர்மையான மனுஷன் எப்படி வெளியே போறாருன்னு!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கத்தில் மெம்பரின் கால்கள் தாமாகவே பாதி எழுந்தன. கை சட்டையை நீவப் போனது. நீவிய இடத்தில் போல்ட் தட்டுப்பட்டது.

மெம்பர் உட்கார்ந்தார்.

டப். டப்.

"மெம்பர்… ஏழாம் பொருள்."

"தெரியுது."

"வெளியே போகணும்."

"நான் உட்கார்ந்திருக்கேனே."

செயலாளருக்கு வேர்த்துவிட்டது. "விளையாடாதீங்க மெம்பர். உட்கார்ந்தா பதவி போயிடும்!"

"எப்பப் போகும்?"

"அந்த நொடியே!"

"அதுக்குத் தீர்மானம் ஏதாச்சும் போடணுமா? நான் வெளியே நிக்கணுமா?"

"எதுவும் வேண்டாம், அது தானா…" என்று தொடங்கிய செயலாளர் நடுவில் நின்றுவிட்டார். அவர் பார்வை ஒவ்வொரு நாற்காலியாகப் போய், இரண்டு புகைப்படங்களையும் தடவி, திரும்பி வந்தது. "தலைவரே… போயிடுச்சு."

"போயிடுச்சா?" என்றார் குடைக்கடைக்காரர்.

"போயிடுச்சு."

குடைக்கடைக்காரர் எழுந்தார். இவ்வளவு லேசாக அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்ததே இல்லை. நீட்டிய பதக்கத்தைத் தாண்டி நடந்தார். "ஏணி எங்கம்மா வச்சிருக்காங்க?" என்று, நட்டை மகள் கையில் வைத்தபடி கேட்டார்.

மகள் ஒரு நொடி அவரையே பார்த்தாள். அப்புறம் ஓடினாள். ஏணி இருந்த அறையின் பூட்டை பெற்றோரில் ஒருவர் உலுக்க, அது கையோடு வந்துவிட்டது. ஏணி புத்தம் புதிதாக இருந்தது, விலைச்சீட்டுகூடக் கிழிபடவில்லை. மனைவி ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு, "உயரம்னா உங்களுக்குத் தலை சுத்துமே!" என்றாள்.

"மெம்பருக்குத்தான் சுத்தும்" என்று சொல்லிவிட்டு ஏறினார். பாதி ஏணியில் நன்றாகவே சுற்றியது. கண்ணை மூடிக்கொண்டு மீதியை ஏறினார். ஒரு கையில் குடையும் ஒரு கையில் போல்ட்டுமாக, தகரத்தின் மேல் குந்தியபடியே, ஓட்டையை நோக்கி நகர்ந்தார்.

"இறங்குங்க!" தலைவர் முற்றத்துக்கு ஓடிவந்து கத்தினார். "அனுமதி இல்லாம யாரும் பள்ளிக் கூரையில ஏறக்கூடாது!"

"தடை போடுங்கய்யா! தீர்மானத்தைப் படிச்சுக் காட்டுங்க, இறங்கிடறேன்!"

"இதோ! குடைக்கடைக்காரர் கூரையில் ஏறுவதைத் தடைசெய்து முன்மொழிகிறேன்!"

"வழிமொழிகிறேன்!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"நிறைவேறியதாக…" என்று தலைவர் கையை உயர்த்தினார். உயர்த்திய கை உயர்ந்தபடியே நின்றது. செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். நான்கு விரல்களைக் காட்டினார்.

மருந்துக்கடை முதலாளி தாழ்ந்த குரலில், "வேணும்னா ஒரு ஆட்டம்…" என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

கூரைக்கு மேலே குடைக்கடைக்காரர் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தார். ஒரு கண் மேலே பார்த்தது. மகளின் கண். அவள் வாளியை எட்டி உதைத்துவிட்டு, அந்தப் பழைய பெஞ்சின் மேலேயே ஏறி, ஏணி அறையில் கிடந்த இடுக்கியோடு நின்றாள். பேத்தி அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த உயரத்தில் அது அம்மாவின் முழங்கால் வரைக்கும்தான் வந்தது.

"போல்ட்டை விடுங்கப்பா!"

"விடறேன். நட்டைப் பிடிச்சியா?"

"பிடிச்சிட்டேன். அசைக்காதீங்க!"

"நான் எங்கடி அசையறேன், கூரைதான் அசையுது!"

முற்றத்தில் நால்வரும் மழையில் நின்று நனைந்துகொண்டிருந்தார்கள். குடை வாங்கலாம் என்றால் கடைக்காரர் மேலே இருந்தார். இனிமேல் கூட்டம் இல்லை; கூட்டம் இல்லாமல் புது ஆளைச் சேர்க்க வழியில்லை; தாமாக வந்து யாராவது உட்கார்ந்தால் ஒழிய. ஊரில் விவரம் தெரிந்த யாரும் உட்கார மாட்டார்கள். பள்ளி தன் பாட்டுக்கு நடக்கும். ஓட்டைகள் தம் பாட்டுக்கு அடைபடும். இதை நினைத்துத் தலைவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் வாசல் கதவு கிரீச்சிட்டது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண். அவள் கையில் காலித் தண்ணீர் பாட்டில். பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று அவள் பிள்ளை நாக்கு வறண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். அவள் நனைந்த நால்வரையும் பார்த்து, "சார், ஒரு புகார்…" என்றாள்.

தலைவரின் முகம் மலர்ந்தது.

செயலாளர் வகுப்புக்குள் பாய்ந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் துண்டால் அதைத் துடைத்தார். மருந்துக்கடை முதலாளி அதன் முதுகைப் பிடித்து, அவளுக்குப் பின்னால் சரியாகக் கொண்டுவந்து வைத்தார்.

"அப்பா, டைட் ஆயிடுச்சு!" என்று கீழேயிருந்து மகள் கூவினாள். "நின்னுடுச்சுப்பா! ஒரு சொட்டு இல்லை!"

பேத்தி குடையை மடக்கும் சத்தம் கேட்டது. ஆனால் குடைக்கடைக்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தகரத்தின் மேல் எழுந்தே நின்றுவிட்டார். தலைசுற்றல் எங்கோ போய்விட்டது. குடையை வீசி ஆட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்:

"அம்மா! ஏம்மா! உட்காராதீங்கம்மா! எதுவா இருந்தாலும் நின்னுக்கிட்டே சொல்லுங்க!"

அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள். மழையில், தகரத்தின் மேல் தண்ணீர் தாளம் போட, ஒரு மனிதர் கூரை மேல் குடையோடு குதிப்பது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது கேட்கவில்லை. பாவம், காலையிலிருந்து குழாயடிக் குழாயடியாக நின்று கால் கடுத்திருந்தாள் அவள். நாற்காலியோ நல்ல நாற்காலி. மெத்தை வேறு போட்டிருந்தது.